விரலிலிருந்து விழும் கோடு

தூரிகையைத் தூர வையுங்கள். விரலால் தீட்டுங்கள், கந்தல் துணியால் தீட்டுங்கள், பழைய சீப்பையோ தேங்காய் நாரையோ வண்ணத்தில் தோய்த்து இழுத்துப் பாருங்கள். பழகிய கருவி கையை விட்டுப் போனதும் பழகிய மனமும் கழன்றுவிடும், உள்ளே அடைபட்டிருக்கும் நீங்கள் வெளியே வருவீர்கள். ஓவியப் பட்டறைகளிலும் மனநல முகாம்களிலும் இப்போது தாராளமாக வழங்கப்படும் வாக்குறுதி இது. வெறும் வியாபாரப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை, சேலம் நாமக்கல் சமவெளியே போதும். ஓமலூரிலிருந்து பரமத்திவேலூர் வரை, வரைகிற கைகளில் பெரும்பாலானவை தூரிகையைத் தொட்டதே இல்லை. வாசலில் மாவு விரலிலிருந்து விழுகிறது. மாட்டுப் பொங்கலன்று டம்ளரின் வாயைக் காவியில் தோய்த்து மாட்டின் முதுகிலும் விலாவிலும் வட்டம் வட்டமாக ஒற்றுகிறார்கள். கோகுலாஷ்டமிக்கு மடக்கிய கையின் பக்கவாட்டை மாவில் நனைத்துக் கண்ணனின் பாதம் வைக்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நுனி நசுக்கிய மட்டை இருந்தது. இங்கே தூரிகைதான் விசேஷக் கருவி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பெயர் எழுதும் பெயிண்டர் அதைப் பிடிக்கிறார்; மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்று பேர் வாங்குவதற்கு முன்னால் உருவப்படம் தீட்டிப் பிழைக்க அதைப் பிடித்தார். தூரிகை இல்லாமையே தன்னை அறியும் வழி என்றால் இந்தச் சமவெளி முழுக்க ஞானிகள் நிறைந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த வாசல்களில் ஏதோ நடக்கிறது. அது என்ன, அதில் கருவியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கோலமாவிலிருந்து தொடங்குவோம். வெள்ளைக்கல்லை அரைத்த மாவு குருணையாக இருக்கும், தடையில்லாமல் வழியும். அரிசி மாவு நைசாக இருப்பதால் விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். இரண்டையும் கலந்துகொள்கிறவர்கள் தங்கள் கைக்குத் தோதான பதத்தைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, நடுவிரலை அணைகொடுத்து மாவை எடுத்து, தரைக்குச் சற்று மேலே கையை நிறுத்திக் கட்டைவிரலை மெல்ல உருட்டினால் மாவு இறங்கும். விரல் தரையைத் தொடுவதில்லை. மாவு சீராக இறங்கிக்கொண்டிருக்கும்போது கை தயங்கினால் கோடு தடித்துக் குவியும். கை பறந்தால் கோடு மெலிந்து, நடுவில் அறுந்து, சாணித் தரை பல்லைக் காட்டும். கோட்டின் தடிமன் என்பது அதை இட்ட கணத்தில் கை எப்படி இருந்தது என்பதன் கணக்குதான். பேனாவில் இந்தக் கணக்கு மறைந்துவிடும். அவசரமாக இழுத்தாலும் நிதானமாக இழுத்தாலும் பேனா ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் தரும். மாவு அப்படி யாருக்கும் சலுகை தருவதில்லை. போதாததற்குத் தரை வேறு இருக்கிறது. தெளித்த தண்ணீர் அதிகமானால் மாவு ஊறி மங்கும், காய்ந்துவிட்டால் காற்று கொண்டுபோகும். நேற்றைய வாசலும் இன்றைய வாசலும் ஒன்றல்ல. வீட்டுக்குள் போடும் மாக்கோலத்தில் இன்னொரு வகைச் சிரமம்: அரைத்த பச்சரிசியில் நனைத்த துணியை உள்ளங்கையில் அடக்கிக் கட்டைவிரலால் பிழிந்தால் வெள்ளை மோதிரவிரல் வழியாக வடியும். ஈரமாக இருக்கும்போது அந்தக் கோடு சரியாகத் தெரியாது. காய்ந்த பிறகுதான் வெளுத்து எழும். செய்தது சரியா தவறா என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை தெரிந்துகொள்கிறது.

இந்தச் சிரமத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தியானம் என்று சொல்லத்தக்க ஏதாவது வரைதலில் இருக்குமானால், சொன்னபடி கேட்காத ஒரு பொருளோடு கை இணங்கிப்போக வேண்டியிருப்பதில்தான் அது இருக்கிறது. அப்படி இணங்குவதற்கு மூன்று துணைகள் வேண்டும்: மாற்ற முடியாத ஒரு விதி, நாள்தோறும் திரும்பி வருதல், முடிந்ததைப் பத்திரப்படுத்தாமல் விடுதல். கருவி புதிதா பழையதா என்பது இதற்கெல்லாம் பிறகுதான். தன்னை அறிதல் என்கிறார்களே, அதிலும் இங்கே அகப்படுவது ஆழ்மனத்தின் இருட்டறையல்ல. தன் அவசரம், தன் கஞ்சத்தனம், பார்க்கிறவர்களுக்காகச் செய்யும் பகட்டு, தப்பு நேர்ந்தால் முழுதையும் அழித்துவிடத் துடிக்கும் ரோஷம் ஆகிய சில்லறைச் சங்கதிகள்தான் அகப்படும். சில்லறையாக இருந்தாலும் செலாவணி ஆகிறவை இவைதாம்.

தூரிகையைத் துறந்த புகழ்பெற்றவர்களை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் சில ஆண்டுகள் கான்வாஸைத் தரையில் விரித்து, விறைத்துப்போன தூரிகையையும் குச்சியையும் வைத்துப் பெயிண்டை மேலிருந்து ஒழுகவிட்டார். கருவி படத்தைத் தொடாது. கோடு காற்றில் உருவாகிக் கீழே விழும். வாசல் கோலம் அறிந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. அவருக்கும் இதன் மூதாதை தெரிந்திருந்தது. தன் முறை அமெரிக்கப் பழங்குடிகளின் மணல் ஓவியத்தைப் போன்றது என்று அவரே எழுதினார். நவஹோ மக்கள் நோய் தீர்க்கும் சடங்குக்காக வண்ணப் பொடியை விரலிடுக்கில் ஒழுகவிட்டு வரைவார்கள், சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். பொல்லாக் கையின் அசைவை எடுத்துக்கொண்டார். விதியையும் அழித்தலையும் விட்டுவிட்டார். அதனால் அவருடைய கலை குறைந்துவிடவில்லை. அந்தப் படங்கள் மகத்தானவை என்றே நினைக்கிறேன். ஆனால் மனம் அடங்கியதா என்று கேட்டால், 1956இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, கூட வந்த ஒரு பெண்ணையும் பலிகொடுத்து 44 வயதில் இறந்த மனிதரை அதற்குச் சாட்சியாக அழைக்க முடியாது. ஜப்பானில் கஸுவோ ஷிராகா 1954 முதல் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி காலால் வண்ணத்தை மிதித்து வரைந்தார். 1971இல் அவர் தெந்தாய் பௌத்தத் துறவியானார். கால் மட்டுமே போதும் என்றிருந்தால் மடத்துக்கு ஏன் போகப் போகிறார்? நம்மவர்களில் ஓவியர் வி.எஸ். கைதொண்டேயைத்தான் இந்த விஷயத்தில் நான் அதிகம் நம்புவேன். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பூசுவதும் வழிப்பதுமாகப் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே முறையில் வேலை செய்தார். ஆண்டுக்குச் சில படங்களே முடித்தார். ஜென்னிலும் ரமணரிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. கைதொண்டேயிடம் உருளை ஒரு வித்தையாக நிற்கவில்லை, பழக்கமாகிப்போனது. பழகிய பிறகும் அது பணியாமல் இருந்ததுதான் விசேஷம்.

விதி என்று சொன்னேனே, அது கோலத்தில் வெறும் அலங்காரக் கட்டுப்பாடு அல்ல. 15 புள்ளி, சந்துப் புள்ளி, 8இல் நிறுத்தவும் என்று கோலப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். நடுவில் 15 வைத்து, இருபுறமும் இடைவெளிச் சந்துகளில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு 8 வரை வந்தால் 15 வரிசைகளில் 169 புள்ளிகள். இதில் ஒரு புள்ளி இடறினாலும் கடைசியில் இழை மூடாது. சிக்குக் கோலத்தில் இந்த விதியின் இறுக்கம் இன்னும் கூடுதல். புள்ளிகளை நேருக்கு நேர் வைக்கும் நேர்ப்புள்ளியில் 3 வரிசைக்கு 4 புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்வாக இழை ஓட்டி விளிம்பில் திருப்பினால், ஒரே இழையில் கோலம் முழுதும் முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்துசேரும். 4 வரிசைக்கு 4 புள்ளி என்றால், நடுவில் எங்காவது இழையை முறித்துத் திருப்பினாலொழிய, எவ்வளவு சாமர்த்தியசாலிக்கும் 4 தனி இழைகளாகத்தான் பிரியும். 6க்கு 4 என்றால் 2. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுதான் இழைகளின் எண்ணிக்கை. போடுகிறவரின் ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணங்களோடு இணைத்துக் கட்டுரை எழுதியது இந்த உள்விதி அவ்வளவு கறாராக இருப்பதால்தான். கட்டுப்பாடு மனத்தை நெருக்கும், சுதந்திரம்தான் ஆற்றும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். 2005இல் அமெரிக்காவில் நான்சி கரியும் டிம் காசரும் 84 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் அவர்களுக்குப் பதற்றத்தை உண்டாக்கி, பிறகு ஒரு சாராருக்கு மண்டலம் போன்ற வட்ட வடிவத்தையும், இன்னொரு சாராருக்குக் கட்டம் போட்ட வடிவத்தையும், மூன்றாவது சாராருக்கு வெற்றுத் தாளையும் கொடுத்து 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் கொடுக்கப்பட்ட இரு சாராருக்கும் பதற்றம் நன்றாகத் தணிந்தது. இஷ்டப்படி தீட்டச் சொன்ன வெற்றுத் தாள்காரர்களுக்கு அந்த அளவு தணியவில்லை. சிறிய சோதனை, ஒரே ஒரு தடவை நடந்தது. அதன் தலையில் பெரிய பாரத்தை ஏற்ற வேண்டாம். ஆனால் வெற்றுத் தாளையும் வேடிக்கைக் கருவியையும் கொடுத்து உன்னைக் கண்டுகொள் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரவீந்திரநாத் தாகூர் எந்தப் பள்ளியிலும் முறையாக ஓவியம் பயின்றவரல்ல. அறுபது வயதைத் தாண்டிய பிறகு பேனா, விரல், துணி என்று கையில் கிடைத்ததைக் கொண்டு வரைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விட்டுச்சென்றார். 1930இல் பாரிஸில் முதல் காட்சி நடந்தது. விசித்திர விலங்குகளும் வாடிய முகங்களுமாக, அவருடைய பாடல்களில் இல்லாத ஒரு மனிதர் அந்தப் படங்களில் வெளிப்படவில்லையா? வெளிப்பட்டார்தான். ஆனால் எப்படி வெளிப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். கையெழுத்துப் படியில் அடித்த சொற்களை அசிங்கமாக விட்டுவைக்கப் பொறுக்காமல், அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்ததில் பிறந்தவை அவருடைய தொடக்க உருவங்கள். பக்கத்தின் எந்த இடத்தில் அடித்தல் விழும் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை; கவிதை தேர்ந்தெடுத்தது. அந்த அடித்தல்களைத் தாகூரின் புள்ளிகள் என்றுதான் நான் கொள்வேன். மனப்பகுப்பாய்வாளர் மரியன் மில்னர் 1950இல் வெளியிட்ட புத்தகம் இதைவிடக் கடினமான சாட்சி. நோக்கமில்லாமல் கையை ஓடவிட்டு வரைந்ததில், தன்னிடம் இல்லை என்று நம்பியிருந்த கோபமும் அச்சமும் தாளில் வந்து நிற்பதைக் கண்டவர் அவர். இங்கே சுதந்திரம்தான் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் கையாண்டவை சாதாரண வரைபொருள்களே. அவரை அவருக்குக் காட்டியதில் பெரும்பங்கு, வரைந்தவற்றை முன்னால் வைத்துக்கொண்டு பொறுமையாக யோசித்து எழுதிய எழுத்துக்கு உரியது. வாயாலும் காலாலும் வரைகிற ஓவியர்களுக்கு 1950களிலிருந்து உலகளாவிய சங்கம் இருக்கிறது. அவர்களில் பலர் வரைவது மலையும் பூவும் வீடுமான சம்பிரதாயக் காட்சிகள். பல்லிடுக்கில் தூரிகையைப் பிடிப்பது பார்க்கிற நமக்குத்தான் அதிசயம், அவர்களுக்கு அது அன்றாடம். ஒரு கருவியின் புதுமை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறவனின் கண்ணில்தான் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடச் சுடும். கோலத்தைத் தியானம் என்று எழுதுகிறவர்கள் அநேகமாக அதைப் போடாத ஆண்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்தில் வேலை முடித்து வந்த பெண் விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அந்த வீட்டில் சாவா, சண்டையா என்று தெரு கேட்கும். சேலத்து வசதியான வீடுகளில் வாசல் கோலம் வேலைக்கார அம்மாவின் சம்பளக் கணக்கில் அடங்கியது. இதைப் போய் ஆத்ம சாதனை என்பதா? இந்தக் கோபம் நியாயமானது. கடமையாகச் சுமத்தப்பட்ட வேலையில் அழகைக் கண்டு சொல்லிச் சொல்லியே அந்தச் சுமையை நிரந்தரமாக்கிய வரலாறு நமக்கு உண்டு. தியானம் என்ற பட்டத்தையும் அதே காரியத்துக்குப் பயன்படுத்தலாம். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கோலத்தில் கவனம் கூர்மைப்படுகிறது என்பது எந்தப் பெண்ணும் அதைப் போட வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. அதே சமயம் சுமத்தப்பட்ட வேலை என்பதாலேயே அதில் கவனத்துக்கு இடமில்லை என்று முடிவுகட்டுவது, போடுகிறவர்களை இயந்திரமாக எண்ணுவதாகும். விஜயா நாகராஜன் பல ஆண்டுகள் தமிழ்ப் பெண்களோடு பேசி 2018இல் வெளியிட்ட கோலம் பற்றிய ஆங்கில நூலில், அவர்கள் தங்கள் கோலத்தைப் பற்றிக் கறாரான ரசனையோடும் சொந்தக் காரணங்களோடும் பேசுவதைக் காணலாம். பெரும்பாலான நாள்களில் நாலு புள்ளியில் காரியத்தை முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகும் அதே கை, மார்கழியில் ஒரு மணி நேரம் குனிந்திருக்கிறது. இதில் எது கட்டாயம், எது விருப்பம் என்பது வெளியே நிற்கிறவர்களைவிடக் குனிந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, பழகிப்போன கை எதையோ நினைத்துக்கொண்டு தானாகப் போட்டுவிடுமே, அதில் கவனம் எங்கே என்று கேட்கலாம். போட்டுவிடும்தான். ஆனால் போட்டதைப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்பு சொன்ன தடிமனும் அறுந்த இடங்களும் அங்கே இருக்கும். பழக்கத்துக்குப் பிறகும் தட்டிக்கேட்கிற ஒரு கருவி வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு நேர்மாறான கருவிகளும் இதே சமவெளிச் சந்தைகளில் கிடைக்கின்றன. சல்லடைபோல் துளையிட்ட கோல அச்சைத் தரையில் வைத்து, மாவைக் கொட்டிக் கையால் தடவினால் மயிலோ தாமரையோ பிசிறில்லாமல் விழுந்துவிடும். துளையிட்ட குழலில் மாவை நிரப்பித் தரையில் உருட்டினால் கரைபோட்ட சேலைபோல நீளத்துக்கும் ஓடும். வழக்கத்துக்கு மாறான கருவி என்று பார்த்தால் விரலைவிட இவைதாம் மாறானவை. இவற்றால் யாருடைய அவசரமும் தரையில் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டவை. நேரமில்லாதவர்களுக்கு இவை பெரிய உபகாரம், நான் பழிக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் அச்சையும் அந்தப் பக்கம் லாரி பெயிண்டரின் தூரிகையையும் வைத்தால், நாம் பேசுகிற காரியம் தூரிகையிடம்தான் நடக்கிறது. லாரியின் முகப்புப் பலகையில் எழுத்தின் வளைவு நடுவில் நிற்காமல் ஒரே இழுப்பில் வந்தாக வேண்டும். நின்ற இடத்தில் எனாமல் கட்டி வழியும். இடது கையில் குறுக்காகப் பிடித்த குச்சியின்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து, எழுத்து முடியும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறார் பெயிண்டர். அவரைக் கேட்டால் தியானம் என்று சொல்லமாட்டார், கூலி என்பார். ஸ்டிக்கர் வெட்டும் எந்திரம் வந்த பிறகு அந்தக் கூலிக்கும் ஆபத்து வந்திருக்கிறது. மரபான கருவியும் மரபை மீறிய கருவியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதாக நினைப்பது பிசகு. தப்பைக் காட்டிக்கொடுக்கிற கருவி, மறைத்துவிடுகிற கருவி என்று பிரித்தால் தூரிகையும் விரலும் ஒரே பக்கம் வந்துவிடுகின்றன.

மூன்றாவது துணையாக அழிதலைச் சொன்னேன். இதைப் பற்றித்தான் மிகையாகப் பேசப்படுகிறது. திபெத்தியத் துறவிகள் மணல் மண்டலத்தை நாள்கணக்கில் இட்டு, முடிந்ததும் கூட்டி அள்ளி ஆற்றில் விடுவதைக் காட்டி, நம் பெண்களும் அப்படியே பற்றற்று இருக்கிறார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். உண்மையில் அழிதலை யாரும் அவ்வளவு சாந்தமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தரையைத் துலக்கி மணலால் அழகு செய்வதோடுதான் தொடங்குகிறது. அதன் இரண்டாம் பதிகமோ முதுகு நோவக் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுவதாகவே இருக்கிறது. இப்போது கோலம் முடிந்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அத்தோடு நிலையாமை போயிற்று என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. படம் போனில் இருக்கும், வாசல் மறுநாள் காலியாகத்தான் இருக்கும்; வேலையைத் திரும்பத் தொடங்க வைப்பது வாசல்தானே தவிர போன் அல்ல. பொங்கலன்று ராசிபுரத்துத் தெருவில் பாதி ராத்திரி வரை குனிந்து வண்ணப்பொடி தூவிய கோலத்தின்மேல் பைக்கை ஏற்றியவனைக் கண்டபடி திட்டுகிற பெண்ணைப் பற்றற்றவள் என்று யாரும் சொல்ல முடியாது. திட்டிய சூடு ஆறுவதற்குள்ளேயே டயர் இழுத்துக்கொண்டு போன தாமரை இதழுக்கு மாவெடுத்து மறுபடி கரை கட்டுகிறவளும் அவள்தான்.